மிக்சி என்ன பாவம் செய்தது?

கேள்வி: எங்கள் வீட்டில் மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், பிரிட்ஜ் எல்லாம் இருக்கின்றன. போனைத் தொட்டால் பாறசாலையிலிருந்து பொறோட்டா வருகிறது. ஆனால் அம்மா அம்மியில் அரைத்து வைத்த தீயல் குழம்பின் ருசி போயே போய்விட்டது. என் மனைவி அழகாக எம்பிராய்டரி போடுவாள். மூத்த மகள் பிறந்த பிறகு ஊசியைத் தொடவில்லை. நானும் ஒரு காலத்தில் புல்லாங்குழல் வாசித்தவன்தான். வசதி பெருகப் பெருகக் கைப்பக்குவமும் கலையும் நம் வீடுகளை விட்டு ஓடிவிட்டனவே, இதற்கு என்ன வழி? (ஒரு வாசகர், களியக்காவிளை)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாவமாக இருந்தது. இரண்டாவது தடவை ஒரு வரி கண்ணில் பட்டது. மனைவி ஊசியைக் கீழே வைத்தது மூத்த மகள் பிறந்த பிறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிக்சி அதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்குமே? கல்யாணச் சீரில் மிக்சி இல்லாத வீடு நம் பக்கத்தில் எத்தனை? மிக்சி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் அவர் எம்பிராய்டரியும் போட்டிருக்கிறார். பிள்ளை வளர்ப்பு மொத்தமும் ஒருவர் தலையில் விழுந்த நாளில் அது நின்றிருக்கிறது.

உங்கள் குழல் கதை இன்னும் சுலபம். நீங்கள் அம்மியில் அரைத்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் மிக்சியால் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பிறகு குழல் எப்படி நின்றது? அதற்கான விடை உங்கள் சட்டைப் பையில், முழு சார்ஜோடு இருக்கிறது.

சரி, தீயலுக்கு வருவோம். அங்கேயும் பழியைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். தீயலின் ருசி பிறப்பது சட்டியில். துருவிய தேங்காயைச் சின்னத் தீயில் போட்டு, நாலு உள்ளியும் (சின்ன வெங்காயம்) கறிவேப்பிலையும் சேர்த்து, கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளை பொன்னிறமாகி, பொன்னிறம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு இறங்கும்வரை கிளற வேண்டும். கடைசியில்தான் மல்லியும் வத்தல்மிளகாயும் கொஞ்சம் நல்லமிளகும் (குருமிளகு). தேங்காயின் ஈரம் முழுக்கப் போய், சூடு 140 டிகிரிக்கு மேல் ஏறும்போதுதான் அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் வேகமாகக் கொடுக்கின்றன. தீயைக் கூட்டினால் வெளியே கறுத்து உள்ளே பச்சை வாடை நிற்கும். அரை நிமிடம் அசந்தால் கரிந்து, குழம்பு முழுக்கக் கசக்கும். இருபது இருபத்தைந்து நிமிடம் அடுப்பை விட்டு நகர முடியாது. வாசலில் யாரோ கூப்பிட்டால்கூட கரண்டியோடுதான் எட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கு அப்புறம் அரைப்பது பெரிய விஷயமே இல்லை. நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் காட்டாமல், சின்ன ஜாரில் போட்டு விட்டு விட்டு ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால்தான் திப்பி திப்பியாக நிற்கும். அம்மி அரைப்புக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது என்று சொன்னால் எங்கள் ஊர்க் கிழவிகள் என்னை விட மாட்டார்கள். இருக்கிறது. என் நாக்குக்கு அது பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கு, நின்று கிளறிய கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது அந்த இருபது நிமிடம் யாரிடமும் இல்லை. அதைத்தான் அம்மி போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மியைப் பற்றி எனக்கும் நினைவு உண்டு. நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டில் அம்மா காலை நாலரைக்கு எழுந்து அரைப்பாள். ஆடி மாதச் சாரலில் தோள்பட்டை பிடித்துக்கொண்டால் தைலம் தேய்த்துக்கொண்டு அரைப்பாள். அம்மி கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்து கொத்திவிட்டுப் போனால், கல்துகள் போகிறவரை தவிட்டை அரைத்து அரைத்துக் கொட்ட வேண்டும். அதுவும் அவள் வேலைதான். மிக்சி வந்த வாரமே அம்மியைக் கிணற்றடியில் கொண்டு போட்டுத் துணி துவைக்கிற கல்லாக்கிவிட்டாள். வருத்தப்பட்டவர் அப்பா மட்டும். ருசி போச்சு, ருசி போச்சு என்று ஒரு மாதம் சொன்னார். அம்மா பதிலே சொல்லவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தாள். அதற்கு முன் அவள் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை.

மிக்சியே ஒரு வீட்டு அடுக்களையில் வந்த சிக்கலிலிருந்து பிறந்ததுதான். சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் இயந்திரம் நம் ஊர் அரைப்பைத் தாங்க முடியாமல் பழுதாகிவிட்டது. அதற்குப் பதிலாக, நம் சமையலுக்குத் தாங்குகிற மாதிரி 1963இல் அவர் செய்ததுதான் சுமீத் மிக்சி. கோவை கிரைண்டர் அதற்கும் மூத்தது. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நம்மைப் பார்த்த பார்வையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 1956 நவம்பர் 1இல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்குப் பலன் இப்போதுதான் கைக்கு வந்தது என்று எங்கள் சித்தப்பா சொல்லிச் சிரிப்பார்.

மிச்சமான நேரம் யார் கணக்கில் போகிறது? மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று எடுக்கிறது. கூலியில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் 2019இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். 2024இல் 289 நிமிடம். பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே, சபாஷ் என்று வாயெடுத்தால் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கு 97 நிமிடம் 88 ஆகியிருக்கிறது. அந்தம்மாவுக்குப் பத்து நிமிடம் மிச்சமாவதற்குள் ஐயா ஒன்பது நிமிடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த 88 நிமிடமும் வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். அன்றைக்குத் துரும்பைக்கூட எடுத்துப் போடாதவர்கள் அதில் சேர்த்தியே இல்லை.

எம்பிராய்டரி விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசிவேலையைப் பொழுதுபோக்கு என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துவைத்து, அடிமைத்தனத்திலிருந்து தங்களைத் தாங்களே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். இப்படியொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, ‘பிறகு ஊசியைத் தொடவில்லை’ என்று மழை பெய்யவில்லை என்பதைப் போல எழுதியிருக்கிறீர்கள். ஏன் தொடவில்லை என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டால், எம்பிராய்டரி வேண்டாம், மதியம் ஒரு மணி நேரம் தூங்க விட்டால் போதும் என்றுகூடச் சொல்லலாம். அதையும் மூச்சுக் காட்டாமல் ஒத்துக்கொள்ள வேண்டும். மனைவியின் பொழுதுபோக்கு உங்கள் வீட்டு அலங்காரத்துக்காக இல்லையே.

கடைப் பாக்கெட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பொறோட்டாவை இழுத்ததால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் புட்டுப்பொடி கடையில்தான் வாங்குகிறோம். அரிசியை ஊறவைத்து, இடித்து, வறுத்து எடுக்க வீட்டில் ஆளில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் குழுக்கள் அரிசிமாவும் கறிப்பொடியும் ஊறுகாயும் செய்து விற்கின்றன. அங்கேயும் வறுப்பது பெண்கள்தான், ஆனால் கையில் காசு வருகிறது. வாரத்தில் ஐந்து நாள் ராத்திரி பொறோட்டா என்றால் மட்டும் வயிறு ஒருநாள் கணக்குக் கேட்கும்.

என்ன வழி என்று கேட்டீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தீயல் நீங்கள் வையுங்கள். தேங்காய் உடைப்பது முதல் கடைசியில் அந்தச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்ப்பது வரை உங்கள் பொறுப்பு. நடுவில் சந்தேகம் கேட்கிறேன் என்று நிமிடத்துக்கு ஒரு தடவை மனைவியை அடுக்களைக்குக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவர்தான் சமைத்ததாகக் கணக்கு. நானும் பெரிய யோக்கியன் இல்லை. முதல் தீயல் வைத்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கரிந்துவிட்டது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் பப்படத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள்.

வறுத்த தேங்காய் ஆறுவதற்கு அரைமணி நேரமாவது ஆகும். அப்போது போனை எடுக்காதீர்கள், குழலை எடுங்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த மூங்கிலில் கீறல் விழுந்திருக்கலாம், முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அப்புறம், முதல் தடவையே உள்ளித் தீயல் வேண்டாம். உரிப்பதற்குள் அழுதுவிடுவீர்கள். கத்தரிக்காயில் தொடங்குங்கள்.