நாய்க்குப் போட்ட மயக்க ஊசி ஆட்டுக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் வெள்ளாடு பிளாஸ்டிக் பைகளைத் தின்றுவிட்டது. இடது விலாவில் அறுத்து எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். போன வருடம் எங்கள் நாய்க்கு மயக்க ஊசி போட்டுத்தான் கருத்தடை செய்தார்கள். மாலையிலேயே எழுந்து நடந்தது. ஆட்டுக்குப் போட்டால் மூச்சு நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
- வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கால்நடைகளுக்கு அதிகம் புழங்கும் மயக்க மருந்து சைலசீன். நாய்க்குப் போட்டதும் சிறு ரத்தக் குழாய்கள் இறுகி, ரத்த அழுத்தம் ஏறும். அதை ஈடுகட்ட இதயத் துடிப்பு குறையும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும். பிறகு அழுத்தம் இறங்கும். கவனித்துக்கொண்டால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

ஆட்டுக்குச் சிக்கலே நுரையீரலில்தான். அதன் நுரையீரல் நுண்குழாய்ச் சுவர்களில் கிருமிகளை விழுங்கும் செல்கள் ஒட்டியிருக்கின்றன. நாய்க்கு இவை இயல்பாக இல்லை. சைலசீன் அவற்றைக் கிளப்பிவிட, அவை வெளியிடும் பொருள்கள் குழாய்ச் சுவரைச் சேதப்படுத்தும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து காற்றறைகளில் தேங்கும். ஆடு வேகமாக மூச்சிழுக்கும், ஆனாலும் ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறாது. மூக்கில் நுரை தள்ளி, நாக்கு நீலம் பாரிக்கும். அந்த நுரையைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். செம்மறிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எல்லா ஆட்டுக்கும் வராது. எதற்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. மயக்கத்தைக் கலைக்க யோஹிம்பின் போன்ற மாற்று மருந்து உண்டு. தேங்கிய நீர் அதனால் உடனே வற்றாது.

உங்கள் ஆட்டுக்கு முழு மயக்கமே தேவைப்படாமல் போகலாம். விலாப்பகுதியை மட்டும் லிக்னோகைன் ஊசியால் மரத்துப்போகச் செய்து, ஆடு விழித்திருக்கும்போதே இந்த அறுவையைச் செய்ய முடியும். நான் அதைத்தான் விரும்புவேன். டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் லிக்னோகைன் அளவு மீறினால் ஆட்டுக்கு வலிப்பு வரும். 18 கிலோ ஆட்டைக் கண்ணால் பார்த்து 25 என்று சொல்லிவிடாதீர்கள். மூட்டை நிறுக்கும் தராசில் நிறுத்து, எடையை எழுதிக்கொண்டு போங்கள். சினையாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சைலசீன் கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

முந்தின நாள் எப்போது தீனியை நிறுத்துவது என்பதையும் கேளுங்கள். நிறைந்த வயிறு, படுக்கவைத்ததும் நெஞ்சுப் பக்கம் தள்ளி நுரையீரலை நெருக்கும்.

அறுவை முடிந்ததும் ஆட்டை நெஞ்சு ஊன்றி உட்காரவையுங்கள். பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு உப்பும். இரைப்பைத் தண்ணீர் தொண்டைக்கு ஏறி மூச்சுக் குழாயில் இறங்கும். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். 2 வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு கறுப்பான ஆடு என்றால் கீழ் இமையின் உட்புற நிறத்தைப் பாருங்கள்.

ஏற்கெனவே சளியோ இருமலோ இருந்தால், ஆக்சிஜன் வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போனில் விசாரித்துவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.