அமெரிக்கக் கிராமப்புறத்தில் முன்பணம் இல்லாமல் வீட்டுக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். அந்நாட்டு வேளாண்மைத் துறை, அதாவது யுஎஸ்டிஏ, இதற்குப் பின்னால் நிற்கிறது. பணம் தருவது வங்கிதான். கடன் திரும்பாமல் போனால் கடன்தொகையில் 90 சதவீதம் வரை துறை பொறுப்பேற்கும். அந்தத் தைரியத்தில்தான் வங்கி முன்பணம் கேட்பதில்லை.

அதற்காகச் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2,00,000 டாலர் கடனுக்குத் தொடக்கக் கட்டணம் ஒரு சதவீதம், 2,000 டாலர். அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஆண்டுக் கட்டணம் 0.35 சதவீதம்; முதல் ஆண்டில் மாதம் 60 டாலருக்குள் வரும்.

பலர் சறுக்குவது வருமானக் கணக்கில்தான். குடும்ப வருமானம் அந்த வட்டாரத்து இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலும் பாதி கீழும் ஈட்டும் தொகை) 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடன் பத்திரத்தில் கையெழுத்தே போடாமல் கூடவே குடியிருக்கும் மாமனாரின் சம்பளமும் இதில் சேரும். வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே தயவுசெய்து கூட்டிப் பாருங்கள். பிடித்த வீட்டைப் பார்த்தபின் தெரிந்தால் மனசு தாங்காது.

கிராமப்புறம் என்றதும் வயற்காடு என்று ஒதுக்க வேண்டாம், நகரை ஒட்டிய சிற்றூர்கள் பலவும் தகுதி பெறும். துறையின் இணையதள வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும். வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். எச்1பி விசா போதாது.