16,000 யார்டு: ஃபிராங்க் கோருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா? கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் ஃபிராங்க் கோர் என்ற ரன்னிங் பேக் 2005 முதல் 2020 வரை 16 பருவங்கள் ஆடினார். எந்த ஒரு பருவத்திலும் அதிக யார்டு ஓடியவர் என்ற முதலிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மொத்தக் கணக்கை எடுத்தால் அவருக்கு மேலே இரண்டே பேர். தலைசிறந்த ஆட்டக்காரர்களைப் போற்றும் மண்டபமாக ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருடைய வெண்கலச் சிலை நிற்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியை அவர் வந்த நாளிலிருந்து பார்த்து வருபவன் நான். தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, இந்த விளையாட்டு எனக்குப் புதிது. ரன்னிங் பேக் என்ன செய்கிறார்? யார்டு கணக்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறினால்தான் பந்து உங்களிடமே இருக்கும். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வீசலாம், அல்லது பின்னால் நிற்பவரின் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். அப்படிப் பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணியின் மிகப் பெரிய ஆட்கள் நெருக்கமாக நிற்கும் இடத்துக்குள்ளேயே புகுபவர்தான் ரன்னிங் பேக். ஒரு முறைக்கு 4 யார்டு கிடைத்தால் நல்ல ஓட்டம். கோர் 3,735 முறை பந்தைச் சுமந்து சராசரியாக 4.3 யார்டு எடுத்தார். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் முழு வேகத்தில் வந்து அவரைத் தரையில் சாய்த்தார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: தேர்வு எப்படி நடக்கிறது?

ஓய்வுக்குப் பின் ஐந்து பருவங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் கோர் 2026 ஆம் ஆண்டுத் தேர்வில்தான் முதன்முதலாகத் தகுதி பெற்றார். 50 பேர் கொண்ட தேர்வுக் குழுவில் 80 சதவீத ஆதரவு கிடைத்தாக வேண்டும். நாற்பது பேரை இணங்க வைப்பது எளிதல்ல.

கேள்வி: தன் காலத்தில் ஓர் ஆண்டுகூட முதலிடத்தில் இல்லாதவர் எப்படி எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்களின் வரிசையில் நிற்க முடியும்? அந்தந்த ஆண்டின் சிறந்தவர்களைப் பட்டியலிடும் முதல் ஆல்-புரோ அணியிலும் அவர் பெயர் வந்ததில்லையே?

இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். உண்மைகளை முதலில் ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆல்-புரோ அணியில் அவர் ஒருமுறைகூட இல்லை. 2006 இல் இரண்டாம் அணியில் இருந்தார். நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்கு ஐந்து முறை தேர்வானார். 2006 இல் 1,695 யார்டு ஓடியும் லீக்கில் மூன்றாமிடம்தான். லடேனியன் டாம்லின்சனும் லேரி ஜான்சனும் முன்னால் இருந்தார்கள்.

ஆனால் உச்சம் என்பதை ஓர் ஆண்டைக் கொண்டு மட்டும்தான் அளக்க வேண்டுமா? 2006 முதல் 2017 வரை, தொடர்ந்து 12 பருவங்கள், ஓடியும் பந்தைப் பிடித்தும் ஒவ்வோர் ஆண்டும் 1,200 யார்டுக்குக் குறையாமல் எடுத்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்று, 2010, இடுப்பெலும்பு முறிந்து கடைசி ஐந்து ஆட்டங்களை அவர் இழந்த ஆண்டு. அந்த ஆண்டிலும் கணக்கு குறையவில்லை. ஜான்சன் இரண்டு ஆண்டுகள் கோரைவிட உயரத்தில் பறந்தார் என்பது உண்மை. அதன்பிறகு எத்தனை பேருக்கு அவர் நினைவு வந்தது?

அந்த 12 ஆண்டுகளில் என்ன மாதிரியான அணியில் ஆடினார் என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய முதல் ஏழு பருவங்களில் ஏழு பேர் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியாளர்களாக வந்து போனார்கள். ஆண்டுதோறும் புதிய திட்டம், புதிய சொற்கள், புதிய தடுப்பு முறை. கோர் வந்த அதே 2005 இல் அணிக்கு வந்த குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் அந்தக் குழப்பத்தில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பந்து வீசும் ஆட்டம் எடுபடாத அணி என்றால், அடுத்து ஓட்டம்தான் வரும் என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்து கூட்டமாக வந்து நின்றார்கள். அவர்களுக்குள்தான் கோர் ஓடினார்.

கேள்வி: அண்ணா, கடைசி ஆண்டுகளில் அணி அணியாக மாறி எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டார் என்கிறார்களே?

தம்பி, அந்த ஆண்டுகளைக் கழித்தே பார்ப்போம். 2018 இல் மயாமி டால்ஃபின்ஸில் 722, அடுத்த ஆண்டு பஃபலோ பில்ஸில் 599, 2020 இல் நியூயார்க் ஜெட்ஸில் 653. மூன்றும் சேர்த்து 1,974 யார்டு. சரியாக 16,000 இலிருந்து அதை எடுத்துவிட்டால் மீதி 14,026. கர்ட்டிஸ் மார்ட்டின் தம் வாழ்நாளில் ஓடியது 14,101. அவர் 2012 இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார். வித்தியாசம் 75 யார்டு.

நீட்டிக் கொண்டு போனார் என்ற சொல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 30 வயதைக் கடந்த பிறகு மட்டும் அவர் 7,161 யார்டு ஓடியிருக்கிறார். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் 33 வயதில் 1,025 யார்டு ஓடினார். அந்த வயதில் ஒரு ரன்னிங் பேக் ஆயிரத்தைத் தொட்டது, 1984 இல் ஜான் ரிக்கின்ஸ் தொட்டதற்குப் பிறகு அதுவே முதல்முறை. 36 வயதில், 2019 நவம்பரில், பஃபலோவுக்காக டென்வருடன் ஆடிய ஆட்டத்தில் மொத்தக் கணக்கில் பேரி சாண்டர்ஸைத் தாண்டி மூன்றாமிடத்துக்கு வந்தார். வாய்ப்பை எந்த அணியும் பரிதாபப்பட்டுத் தருவதில்லை. அந்த இடத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பையன்கள் குறைந்த சம்பளத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: நிறைய முறை பந்து கிடைத்ததால்தானே இவ்வளவு யார்டு? சராசரி சுமார்தானே?

இல்லை. ஒரு ஓட்டத்துக்குக் கோர் 4.3. ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்களைப் பாருங்கள்: எம்மிட் ஸ்மித் 4.2, மார்ட்டின் 4.0, ஜெரோம் பெட்டிஸ் 3.9. வால்டர் பெய்டன் மட்டும் சற்று மேலே, 4.4.

கேள்வி: டெரல் டேவிஸ், கேல் சேயர்ஸ் போன்றவர்களை வைத்துப் பார்த்தால் கோர் மங்கலாகத் தெரிகிறாரே?

அவர்கள் இருவரும் அந்த மண்டபத்தில் இருப்பது முழு நியாயம். சேயர்ஸ் ஆடியது 68 ஆட்டங்கள். முழங்கால் அவரை முடித்தது. டேவிஸ் 78 ஆட்டங்கள். 1998 இல் 2,008 யார்டு, சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் இரண்டு வெற்றிகள். குறுகிய காலம் எரிந்த பெருந்தீயை மறுக்க நான் யார்?

நான் கேட்பது வேறு. டேவிஸின் மொத்தக் கணக்கு 7,607 யார்டு. கோர் 30 வயதுக்குப் பின் ஓடியது மட்டுமே ஏறத்தாழ அந்த அளவு வருகிறது. ‘காயம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஓடியிருப்பார்’ என்ற கற்பனைக்கு அந்த இருவர் விஷயத்தில் மதிப்புக் கொடுத்தோம், சரியாகவே கொடுத்தோம். அப்படியென்றால் காயத்தையும் தாண்டி உண்மையாகவே ஓடிக் காட்டியவருக்கு மதிப்புக் குறைப்பது என்ன கணக்கு? நடக்காமல் போனதற்கு இடம் உண்டு, நடந்ததற்கு இல்லை என்று ஆகிவிடும்.

கேள்வி: அவருக்கும் முழங்கால் காயம் உண்டு என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு முழங்கால்களிலும். நன்றாகவே சொல்ல வேண்டிய கதை இது. 2001 இல் மயாமி பல்கலைக்கழக அணி தேசிய சாம்பியன் ஆனபோது கோர் முதலாண்டு மாணவர். கிளின்டன் போர்ட்டிஸுக்கு மாற்றாக இறங்கி 62 ஓட்டங்களில் 562 யார்டு. ஓட்டத்துக்கு ஒன்பது யார்டுக்கு மேல்! அப்போது அவர் ஓட்டத்தில் பளபளப்புக்குக் குறைவே இல்லை. அடுத்த ஆண்டு பயிற்சியில் வலது முழங்காலின் தசைநார் அறுந்தது. ஒரு பருவம் முழுவதும் போனது. 2003 இல் திரும்பி வந்து சில ஆட்டங்களுக்குள் இடது முழங்காலிலும் அதே காயம். தோள்களிலும் அறுவை சிகிச்சை நடந்தது. எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா குறைபாடும் அவருக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு.

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் 2005 தேர்வில், அவருக்கு முன் ஐந்து ரன்னிங் பேக்குகள் போய்விட்டார்கள். கோர் மூன்றாம் சுற்றில், 65 ஆவது ஆளாகத்தான் போனார். அந்த ஐவரில் ஒருவர்கூட 7,000 யார்டைத் தொடவில்லை. இந்த முழங்கால்கள் தாங்காது என்று ஒதுக்கப்பட்டவர், 241 ஆட்டங்களில் ஆடினார். ரன்னிங் பேக் ஒருவர் இத்தனை ஆட்டங்கள் ஆடியது அதற்கு முன் கிடையாது. 2011 முதல் 2017 வரை ஏழு பருவங்களில் ஓர் ஆட்டத்தையும் அவர் விடவில்லை.

காயத்துக்குப் பிறகு வேகம் குறைந்தது உண்மை. அதற்கு ஈடாகக் கண்ணையும் காலடியையும் பழக்கினார். முன்னால் இருக்கும் எதிரணித் தடுப்பாட்டக்காரர் எந்தப் பக்கம் இழுபடுகிறார் என்று ஒரு கணம் காத்திருப்பார். குட்டிக் குட்டி அடியாக வைத்து, இடைவெளி திறக்கும்போது சரியாக அங்கே இருப்பார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை அவர் ஓட்டத்தில் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: கண்ணை மூடினால் நினைவுக்கு வரும் ஓட்டம் ஒன்றாவது உண்டா?

2009 செப்டம்பர், சியாட்டிலுக்கு எதிராக. ஒரே ஆட்டத்தில் 79 யார்டு, 80 யார்டு என இரண்டு டச்டவுன் ஓட்டங்கள், அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்தவை. 16 முறை பந்தை வாங்கி 207 யார்டு. பளிச்சென்ற ஓட்டம் இல்லை என்பவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது அதுவல்ல. 2013 டிசம்பர், மீண்டும் சியாட்டில். அந்தப் பருவத்தின் முடிவில் சூப்பர் பவுலை வென்ற அணி அது; அதன் தடுப்பாட்டம் அந்தக் காலத்தின் தலைசிறந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன, நைனர்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கோர் நடுவில் புகுந்து 51 யார்டு போனார். அதனால் கிடைத்த ஃபீல்டு கோலில், அதாவது கம்பங்களுக்கு இடையே உதைத்த பந்தில், 19-17 என்று வெற்றி.

கேள்வி: டச்டவுன்கள் குறைவாக இருக்கின்றனவே?

ஆம், குறைவுதான். 16 பருவங்களில் 81 ஓட்ட டச்டவுன்கள். எந்தப் பருவத்திலும் பத்தைத் தாண்டவில்லை. புள்ளிகள் அரிதாக வந்த அணிகளில் பல ஆண்டுகள் ஆடியது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். அவருடைய பட்டியலில் உள்ள உண்மையான குறை இதுதான். குழுவில் ஒருவர் இதை முன்வைத்து மறுத்தால் அவர் மேல் எனக்குக் கோபம் வராது.

கேள்வி: எண்களில் வராத ஏதாவது?

தடுப்பு. குவார்ட்டர்பேக்கை நோக்கி எதிரணி வீரர் ஒருவர் எதிர்பாராமல் பாய்ந்து வரும்போது, ரன்னிங் பேக்தான் குறுக்கே போய் நிற்க வேண்டும். பல நட்சத்திரங்கள் இதை அரைமனதாகச் செய்வார்கள். அதற்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை. ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ள கோர், தன்னைவிடப் பெரிய ஆட்களின் மார்பில் நேராகப் போய் முட்டுவார். சான் பிரான்சிஸ்கோவில் பத்து ஆண்டுகள், 11,073 யார்டு, அந்த அணியின் சாதனை அது. ஆனால் அவரோடு ஆடியவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது இந்தத் தடுப்பைத்தான் அதிகம் சொல்வார்கள்.

கேள்வி: முதல் முயற்சியிலேயே தேர்வாகாவிட்டால் தகுதி குறைவு என்று பொருளா?

இல்லவே இல்லை. பெட்டிஸ் 2011 இல் தகுதி பெற்று 2015 இல்தான் தேர்வானார். கோருக்கு முன் மயாமியில் ஆடிய எட்ஜரின் ஜேம்ஸ் 2020 வரை காத்திருந்தார். டேவிஸுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. கோரும் காத்திருக்கலாம், காத்திருப்பு அவருக்குப் புதிதல்ல.

கேள்வி: கோரைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால்?

2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல். பால்டிமோர் ரேவன்ஸிடம் 34-31 என்று நைனர்ஸ் தோற்ற ஆட்டம். கோர் 19 ஓட்டங்களில் 110 யார்டு, ஒரு டச்டவுன். கடைசிச் சில நிமிடங்களை மட்டும் பார்த்தாலும் போதும். ஐந்து புள்ளி பின்தங்கிய நிலையில் கோர் 33 யார்டு ஓடிப் பந்தை எதிரணியின் 7 யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்தார். நான்கு முயற்சிகள் கையில் இருந்தன. முதலாவதில் பந்து லமைக்கேல் ஜேம்ஸிடம் போனது, இரண்டு யார்டு. அடுத்த மூன்றும் மைக்கேல் கிராப்ட்ரீயை நோக்கி வீசிய பந்துகள், மூன்றும் தவறின. நான்கில் ஒருமுறைகூடப் பந்து கோரின் கைக்கு வரவில்லை.