படிக்கத் திணறும் பிள்ளைக்கு உதவி கேட்பது எப்படி? சிறப்புப் பயிற்றுநரிடம் பெற்றோர் பலரின் கேள்விகளும் அவர் பதில்களும்

மூன்றாம் வகுப்பு மகன். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் ஒரு வரி தேறாது. சோம்பேறி என்கிறார் டீச்சர். யாரிடம் காட்டுவது, மேடம்?

முதலில் அவன் நோட்டைப் புரட்டுங்கள். 'கோழி' 'கேழி' ஆகியிருக்கிறதா? ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக இருக்கிறதா? கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் பாதி வரி காணோமா? இவை கற்றல் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். சோம்பேறிப் பட்டம் கட்டுவது அநியாயம்.

கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள். நோட்டு, விடைத்தாள்களையும் எடுத்துப் போங்கள். டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் திணறும் கற்றல் குறைபாடு) போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான் தருவார்கள். பயிற்சிக்கு அதுவரை காத்திருக்கவே கூடாது.

சான்றிதழ் கொண்டுவந்தால்தான் ஏதாவது செய்வோம் என்கிறது எங்கள் தனியார் பள்ளி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16-ஐப் பாருங்கள். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டிய பொறுப்பு அதில் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும்.

ஆனால் வாய்ப்பேச்சில் எதுவும் நடக்காது. தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம்: "என் மகள் நான்காம் வகுப்பு 'அ' பிரிவில் படிக்கிறாள். பாடத்தை வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்கிறாள், தானாக வாசிக்க முடியவில்லை. அவளை மதிப்பீடு செய்யவும், அதுவரை முன்வரிசையில் உட்கார வைத்து, வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதிக்கவும் வேண்டுகிறேன்." தேதி போட்டு, நகலில் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கி வையுங்கள். நாளைக்கு மேலே போக வேண்டியிருந்தால் அந்த நகல்தான் உங்களுக்குத் துணை.

என் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். சிறப்பாசிரியர் எப்போதோதான் வருகிறார்.

ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்கு நேரில் போய், எந்தக் கிழமை வருவார், பிள்ளைக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி), உபகரணங்கள், மருத்துவ முகாம் எல்லாம் அந்த மையம் வழியாகத்தான் வரும். நடமாட முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி கேட்கலாம்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சலுகை உண்டா?

உண்டு. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள். எழுதுபவரிடம் நிதானமாகச் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும், மாதிரித் தேர்வுகளிலேயே பழக்குங்கள்.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று மாமியார் தடுக்கிறார்.

வகுப்பில் அவனுக்கு 'மக்கு' என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்திருக்கும். அதைத்தான் நாம் அழிக்க வேண்டும். சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கும், தேவைப்படும் இடத்தில் காட்டினால் போதும். மாமியாரையும் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

ஆட்டிசம் உள்ள மகன், ஏழு வயது. டிசி வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளிக்குப் போகச் சொல்கிறார்கள்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையுடையது. 2016 சட்டத்தின் பிரிவு 31 இதைச் சொல்கிறது. சிறப்புப் பள்ளிதான் நல்லது என்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாகப் போங்கள், யாரோ விரட்டுகிறார்கள் என்பதற்காகப் போக வேண்டாம். டிசி விஷயத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டம், அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.