மோவாயில் வெள்ளை முடி: லேசர் கைவிட்டால் எலக்ட்ராலிசிஸ் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 36, மாநிறம். மோவாயிலும் அதன் அடியிலும் தடித்த முடிகள் முளைக்கின்றன. 8 ஆண்டுகளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். 6 முறை லேசர் செய்ததில் கறுப்பு முடி குறைந்துவிட்டது. வெள்ளை முடி அப்படியே நிற்கிறது. மாதவிடாய் 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. எலக்ட்ராலிசிஸ் செய்தால் முடி ஒரேயடியாகப் போகுமா? தழும்பு விழுமா?

பதில்: வெள்ளை முடிக்கு இனியும் லேசர் செய்யாதீர்கள், காசுதான் வீண். முடியிலுள்ள மெலனின் நிறமிதான் லேசர் ஒளியை வாங்கிச் சூடாகிறது. நிறமி இல்லாத முடி சூடாவதே இல்லை. எலக்ட்ராலிசிஸில் முடியின் நிறம் ஒரு பொருட்டல்ல. முடியை ஒட்டியே மெல்லிய ஊசியை மயிர்க்காலின் அடிவரை இறக்கி, மின்சாரம் செலுத்தி வேரை அழிக்கிறார்கள். முழுதாக அழிந்த மயிர்க்காலில் மறுபடி முடி முளைக்காது.

இதில் மூன்று வகை உண்டு. கால்வானிக் முறையில், நேர்மின்சாரம் மயிர்க்காலிலுள்ள உப்பு ஈரத்தைக் காரமாக (அல்கலி என்னும் அரிக்கும் வேதிப்பொருளாக) மாற்றி வேரை அரிக்கிறது, மெதுவான வேலை. தெர்மாலிசிஸில் உயர் அதிர்வெண் மின்சாரம் நொடிப்பொழுதில் வேரைச் சூட்டால் பொசுக்குகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வது பிளெண்ட். பல ஆண்டுகள் பிடுங்கியதால் உங்கள் மயிர்க்கால்களில் சில வளைந்து போயிருக்கலாம். நேரான ஊசி வளைவைத் தாண்டிப் போகாது, ஆனால் அங்கே உருவாகும் காரம் வழிந்து போகும். அதனால் உங்களுக்கு பிளெண்ட் முறையையே சொல்வேன்.

சரியாகச் செய்கிறார்களா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். மின்சாரம் பாய்ந்தபின் முடியை இடுக்கியால் லேசாகப் பிடித்தாலே, வெண்ணெயிலிருந்து நூலை உருவுவதுபோல வழுக்கி வரவேண்டும். வளரும் பருவத்து முடியானால் வேரைச் சுற்றிப் பளபளப்பான உறை ஒட்டியிருக்கும். எடுக்கும்போது ‘சுருக்’கென்று இழுபட்டால் வேர் சாகவில்லை, வெறுமனே பிடுங்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஊசி ஆழம் போதாவிட்டால் வேர் தப்பிவிடும், மேல்தோல் வெந்துவிடும்; பள்ளத் தழும்புகளுக்கு இது முக்கியக் காரணம். ஊசியைச் சுற்றித் தோல் வெளுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்தடுத்த முடிகளை ஒரே அமர்வில் எடுப்பதும் தவறு. சூடு ஒன்றாகச் சேர்ந்து புண்ணாகும்.

மாநிறத்தவருக்குத் தழும்பைவிடக் கருமை படிவதுதான் அதிகம் நேர்கிறது, மறைய மாதக்கணக்காகும். எனவே முதல் நாள் 10, 15 முடிகள் மட்டும் எடுத்து, 3 வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். செய்த இடம் சில மணி நேரம் சிவந்து வீங்கும். மிளகில் பாதியளவு பொருக்குகள் கட்டலாம், கிள்ளாதீர்கள், ஒரு வாரத்தில் தானே உதிரும். இரண்டு நாள் மேக்கப் வேண்டாம். வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். வலி தாங்காதென்றால், ஒரு மணி நேரம் முன்பே மரப்பு கிரீம் தடவிக்கொள்ளலாம்.

இன்றிலிருந்தே பிடுங்குவதையும் திரெட்டிங்கையும் விடுங்கள். முடி வெளியே தெரிந்தால்தானே ஊசி போட முடியும்? இடையில் ஷேவ் செய்யலாம். அதனால் முடி தடிக்காது. அமர்வுக்கு 3 நாள் முன்பு ஷேவ் செய்துவிட்டு வந்தால், வளரும் பருவத்து முடிகள் மட்டும் தலைநீட்டியிருக்கும். ஊசிக்கு அவைதான் நன்றாகக் கட்டுப்படும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை என்பதால் வாரம் ஒருமுறை 15 முதல் 30 நிமிடம் என்று தொடங்கி, போகப்போக இடைவெளியைக் கூட்டி, ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அமர்வுக்கு அமர்வு புது ஊசி, உறை உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும்.

பேஸ்மேக்கர் இருப்பவர்கள் செய்துகொள்ளக் கூடாது. தழும்பு மேடாக வளரும் கீலாய்டு தன்மை, பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மச்சத்தில் முளைத்த முடியைத் தோல் மருத்துவர் பார்க்காமல் தொடவிடாதீர்கள். ஊசியே இல்லாமல், இடுக்கியால் முடியைப் பிடித்து மின்சாரம் செலுத்தும் வீட்டுக் கருவிகள் எதற்கும் உதவாது. முடி மின்சாரத்தை வேர்வரை கடத்தாது.

ஆனால் ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை. 40, 45 நாள் மாதவிடாயோடு மோவாய் முடியும் இருந்தால் முதலில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் ஹார்மோன் கோளாறு) என்றுதான் சந்தேகிக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), சர்க்கரை பாருங்கள். ஆண் ஹார்மோன் கூடியிருந்தால், இன்று பூனைமுடியாக இருப்பது நாளை தடித்துவிடும். எலக்ட்ராலிசிஸ் தோற்றுவிட்டது என்று நினைப்பீர்கள், உண்மையில் அது புது முடி. குரல் கனத்தாலோ, சில மாதங்களுக்குள் உடம்பெங்கும் முடி பெருகினாலோ எலக்ட்ராலிசிஸைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வாரமே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.