கேரள எல்லையில் இருக்கிறேன். டெபியனில் ஹுவாவே 4ஜி டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவாக மட்டும் தெரிகிறது, நெட் வரவில்லை. என்ன செய்வது?

நானும் எல்லையில்தான் இருக்கிறேன். செங்கோட்டையை அடுத்த புளியரையில், சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொல்லம் போகிற லாரிக்காரர்கள் இ-வே பில் அச்செடுக்க வண்டியை ஓரங்கட்டுவார்கள். சாரல் காலத்தில் மரக்கிளை விழுந்து ஃபைபர் அறுந்துவிட்டால் டாங்கிள்தான் கதி. கடைக் கணினியில் இருப்பதும் டெபியன்தான். "அண்ணாச்சி, நெட்டு வந்துட்டா?" என்று வாசலில் ஆள் நிற்கும்போது அந்தச் சிடி படத்தைப் பார்ப்பது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் டாங்கிள் கெட்டுப்போகவில்லை. விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருளை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் செருகியதும் முதலில் சிடி டிரைவாக வந்து நிற்கும். விண்டோஸில் அந்த மென்பொருள் ஏறியதும் அதை மோடமாக மாறச் சொல்லும். டெபியன் போன்ற லினக்ஸில் அதைச் சொல்ல யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பும் அதனுடைய டேட்டா தொகுப்பும் வேண்டும். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது என்றால், ஆண்ட்ராய்டு ஃபோனைக் கேபிளில் மாட்டி ஃபோனின் நெட்டைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். அதற்கு ஒன்றும் நிறுவ வேண்டாம்.

நிறுவியபின் டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகி, பத்து நொடி பொறுத்து, செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுங்கள். ஹுவாவே வரியில், அந்தக் கம்பெனியைக் குறிக்கும் 12டி1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். 1எஃப்01 என்றே நின்றால் இன்னும் சிடிதான். 14டிசி என்று மாறினால் அது ஹைலிங்க் வகை. கணினிக்கு அது ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி, டயல் செய்கிற வேலையே கிடையாது. பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். 1506 என்று வந்தால் அசல் மோடம். என்னுடையது அந்த வகை. மோடத்தை இயக்கும் மோடம்மேனேஜர் என்ற நிரல் அதைப் பிடித்துக்கொள்ளும், ஏபிஎன் (சிம் கம்பெனியின் இணைய வாசலின் பெயர்) மட்டும் கொடுத்தால் போதும்.

சரி, இத்தனையும் செய்து எனக்கு நெட் வந்தது. ஆனால் நிற்கவில்லை. பத்து நிமிடம் ஓடும், அறுந்துவிடும். எல்லையில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மோடத்தின் நிலையை, மோடம்மேனேஜரின் எம்எம்சிஎல்ஐ கட்டளையில் பார்த்தேன். ஒரு நேரம் 'ஹோம்' என்கிறது, ஒரு நேரம் 'ரோமிங்' என்கிறது. மேசையை விட்டு அசையாத மோடம், மலைக்கு அந்தப் பக்கத்து டவருக்கும் இந்தப் பக்கத்து டவருக்கும் தாவிக்கொண்டிருந்தது. ஒரே கம்பெனியாக இருந்தாலும் தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் நெட்வொர்க் எண் வேறு. உதாரணமாக ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 40494, கேரளத்தில் 40495. முதல் 404 இந்தியாவைக் குறிக்கும். மோடம்மேனேஜரை 3ஜிபிபி-ஸ்கேன் செய்யச் சொன்னால், அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளை இந்த எண்களோடு காட்டும். தேட ஓரிரு நிமிடம் ஆகும், அதனால் டைம்அவுட்டை 300 நொடி என்று கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்பின் ஜிஎஸ்எம் அமைப்பில் நெட்வொர்க்-ஐடி என்ற இடம் இருக்கிறது. அங்கே என் சிம்மின் தமிழ்நாட்டு எண்ணை எழுதினேன். தாவல் நின்றது. ஹைலிங்க் வகையானால் 192.168.8.1 பக்கத்திலேயே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்றும் அங்கே பாருங்கள்.

சிக்னல் குறைந்த இடத்தில் டாங்கிள் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் மாட்டாதீர்கள், கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். கணினியின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று அடிக்கடி வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

மடிக்கணினியாக இருந்து, கேரளத்தில் புனலூர் பக்கம் எடுத்துப் போனால், அந்த நெட்வொர்க்-ஐடியை அழித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அங்கே எந்த டவரிலும் சேராது. சிடியிலிருந்து மாறிய பிறகு எல்எஸ்யூஎஸ்பியில் உங்களுக்கு என்ன எண் வருகிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.