வலைக்கு முன்னால் நிற்பவர்: ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. மூன்று வருடமாக முன்கள ஆட்டக்காரனாக ஆடுகிறான். இப்போது கோல்கீப்பர் ஆகப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். இனிமேல் தொடங்கினால் தேறுமா? (ஸ்கார்பரோ வாசகி)

பதில்: தாராளமாகத் தேறும். முன்களத்தில் ஆடிய காலமும் வீண் போகாது. பக் (இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) மட்டையை விட்டு எப்போது கிளம்பும், எந்த மணிக்கட்டு அசைவுக்கு எங்கே போகும் என்பதெல்லாம் அடிப்பவன் பக்கத்திலிருந்தே அவனுக்குப் பழகியிருக்கும்.

கோல்கீப்பருக்குக் கைவேகம்தான் எல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் கால், அடுத்து கண், அதற்கப்புறம்தான் கை. முதல் ஆறு மாதம் இரண்டே இரண்டு நகர்வுகளைப் பழக்கினால் போதும். ஒன்று ஷஃபிள்: இரண்டு ஸ்கேட்டும் பக்கைப் பார்த்தபடி இருக்க, பக்கவாட்டில் சின்னச் சின்னதாக நகர்வது. இன்னொன்று டி-புஷ்: போக வேண்டிய பக்கத்துக் காலை அந்தத் திசைக்குத் திருப்பி, மற்றக் காலால் ஒரே உந்தாக உந்திப் போய், போய்ச் சேர்ந்ததும் சட்டென நிற்பது.

தப்பு நடக்கும் இடங்களும் இரண்டுதான். தலை திரும்பும் முன்பே கால் கிளம்பிவிடுவது முதலாவது. தலை, மட்டை, கால் என்ற வரிசை மாறக் கூடாது. உந்தும்போது முட்டி நிமிர்ந்து உடம்பு மேலே எழும்புவது இரண்டாவது. அந்தக் கணத்தில் கால்களுக்கு நடுவே வழி திறந்துகொள்ளும், பக் அதற்குள் போய்விடும். 20 வினாடி பயிற்சி, 40 வினாடி ஓய்வு என்று பிரித்துச் செய்யச் சொல்லுங்கள். களைத்த காலோடு பழகினால் தப்பான அசைவுதான் உடம்பில் பதியும்.

கேள்வி: மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பக்கை எப்படித்தான் பார்த்துத் தடுக்கிறார்கள்? (கோவை வாசகர்)

பதில்: பறந்து வருவதைப் பார்த்து அதற்கப்புறம் கையை நீட்டுவது கிட்டத்தில் நடக்காத காரியம். மணிக்கு 145 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 40 மீட்டர். வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்.எச்.எல். அரங்கில், தாக்கும் பகுதி தொடங்கும் நீலக் கோட்டிலிருந்து கோல் கோடு 64 அடி, அதாவது சுமார் 19.5 மீட்டர். அங்கிருந்து அடித்தால் ஏறக்குறைய அரை வினாடி கிடைக்கும். ஆறு மீட்டரிலிருந்து அடித்தால் 0.15 வினாடிதான். கண்ணில் பட்டதற்குக் கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி ஆகும்.

அதனால் பாதி வேலை அடிக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அடிப்பவரின் மட்டை முனை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, கீழ்க்கை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பக் உடம்புக்கு அருகில் இருக்கிறதா தள்ளி இருக்கிறதா என்று படித்துவிட்டு, பக் தானாக வந்து படும் இடத்தில் கோல்கீப்பர் போய் நிற்கிறார்.

எங்கே நிற்பது என்பது கணக்கு. வலையின் அகலம் 6 அடி (1.83 மீட்டர்), உயரம் 4 அடி (1.22 மீட்டர்). நேர் எதிரே 10 மீட்டரிலிருந்து ஒருவர் அடிக்கிறார் என்று வையுங்கள். கோல்கீப்பர் கோட்டிலேயே நின்றால் முழு 1.83 மீட்டரையும் அடைக்க வேண்டும். 1.5 மீட்டர் முன்னே வந்தால் அடைக்க வேண்டிய அகலம் 1.56 மீட்டராகிறது. பக் தரையிலிருந்து கிளம்புவதால் உயரமும் 1.04 மீட்டராக இறங்கிவிடும். டார்ச்சை நெருங்க நெருங்கச் சுவரில் விழும் நிழல் பெரிதாவதும் இதே கணக்குத்தான். ஆனால் அதிகம் முன்னே வந்துவிட்டால், அடிப்பவர் பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிட்டதும் திரும்பிப் போகவேண்டிய தூரம் கூடிவிடும். வெறும் வலையில் விழும் கோல்களில் பல இப்படி விழுந்தவைதான்.

முட்டியை மடித்து இறங்கி, முழங்காலுக்குக் கீழ் இருகால்களையும் பக்கவாட்டில் விரிக்கும் பட்டர்ஃப்ளை முறையும் இதே கணக்கில் பிறந்தது. 1950களில் கோல்கீப்பர் கிளென் ஹால் இதைக் கையாண்டார். பயிற்சியாளர் ஃபிரான்ஸ்வா அலேரோடு சேர்ந்து கோல்கீப்பர் பாட்ரிக் ருவா இதை எல்லோருக்குமான பாணியாக்கினார். வலையின் அடிப்பாகம் மொத்தமும் மூடிவிடும், தோளுக்கு மேல் மூலைகள் மட்டும் மிஞ்சும். கம்பத்தை ஒட்டி ஒரு முட்டியைப் போட்டு அடைக்கும் நிலை இன்று இளம் கோல்கீப்பர்கள் எல்லோருக்கும் பழக்கம். பக் கோல் கோட்டுக்கு அருகே இருக்கும்போது அது சரி. பக் இன்னும் தள்ளி இருக்கையிலேயே இறங்கிவிடுபவர்கள்தான் அடிவாங்குகிறார்கள்: காதுக்கும் மேல்கம்பிக்கும் நடுவில் உள்ள சந்து அடிப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: கோல்கீப்பர் சாமான்கள் விலை மலைப்பாக இருக்கிறது. பழையது வாங்கலாமா? (பிராம்ப்டன் வாசகர்)

பதில்: கால் பேட், பிளாக்கர் (மட்டை பிடிக்கும் கையில் போடும் தட்டையான காப்பு), பிடிக்கும் கையுறை மூன்றையும் பழையதாக வாங்கலாம். முகமூடி, கழுத்துக் காப்பு, மார்புக் காப்பு புதிதாக இருக்கட்டும். கனடாவில் சிறுவர் ஆட்டத்துக்கு முகமூடியில் சி.எஸ்.ஏ. தர முத்திரையும் கழுத்துக் காப்பில் பி.என்.கியூ. தர முத்திரையும் கட்டாயம். 1989 மார்ச்சில் பஃபலோவில் ஒரு ஸ்கேட் பிளேடு கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்து ரத்தக்குழாயை அறுத்துவிட்டது. அவர் பிழைத்ததே பெரிது. கழுத்துக் காப்பில் சமரசமே வேண்டாம்.

பேட் அளவுக்கு ஆள் உயரத்தைப் பார்க்காதீர்கள். ஸ்கேட் போட்டுக்கொண்டு பட்டர்ஃப்ளையில் இறங்கச் சொல்லுங்கள். முட்டி, பேட்டின் உட்புறம் இருக்கும் முட்டித் திண்டின் நடுவில் உட்கார வேண்டும். பிள்ளை வளர்வான் என்று நீளமாக வாங்கினால் முட்டி திண்டில் உட்காராது, பேட்டும் சரியாகத் திரும்பாது. வார்களை இறுக்கிக் கட்டுவதும் கெடுதல். பேட் காலைச் சுற்றித் திரும்ப இடம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்கும் இடுப்புக்கும் போகும். ஆட்டம் முடிந்ததும் பைக்குள்ளேயே விட்டுவிடாமல் மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப்போகும், தோல் விறைத்துவிடும்.

கேள்வி: தொழில்முறை கோல்கீப்பர் ஆகும் வழி என்ன? 18 வயதில் என்.எச்.எல். தேர்வில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில்) பெயர் வராவிட்டால் கதை முடிந்ததா? (மாண்ட்ரியல் வாசகர்)

பதில்: முடியவே முடியாது. இதைப் பெற்றோர்களும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 32 அணி, அணிக்கு இரண்டு பேர் என்றால் மொத்தம் 64 இடம்தான். களத்தில் நிற்பவரோ ஒருவர். முன்கள ஆட்டக்காரரை நான்காவது வரிசையில் ஐந்து நிமிடம் ஆடவிட்டுப் பழக்கலாம், கோல்கீப்பரை அப்படிப் பழக்க முடியாது. அதனால்தான் இந்த இடத்துக்கு ஆள் பழுக்க நாளாகிறது.

கானர் ஹெல்லபக் 2012 தேர்வில் 130வது. கல்லூரியில் ஆடி, கீழ்மட்டத் தொழில்முறை லீகான ஏ.எச்.எல்.லில் ஆடி மேலே வந்தார். 2025-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதே அவருக்குத்தான். ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட் 2000-இல் 205வது. 2005 வரை சுவீடனிலேயே ஆடினார். டிம் தாமஸ் 1994-இல் 217வது. ஃபின்லாந்திலும் சிறு லீகுகளிலும் வருடக்கணக்கில் சுற்றிவிட்டு, 2011-இல் 37 வயதில் என்.எச்.எல். சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையோடு தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார்.

கனடாவில் இரண்டு பாதை உண்டு: 16 முதல் 20 வயது வரையிலான மேஜர் ஜூனியர், அல்லது அமெரிக்கக் கல்லூரி. முன்பு ஜூனியரில் ஆடினால் கல்லூரி ஆட்டத்துக்குக் கதவு சாத்திவிடும். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை இல்லை. அவசரப்பட்டு 16 வயதில் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி குறைந்திருக்கிறது. ஒப்பந்தம் கைக்கு வரும்போது அது இருவழி ஒப்பந்தமா என்று பாருங்கள்: மேலே ஆடும் நாளுக்கு ஒரு சம்பளம், ஏ.எச்.எல்.லுக்கு இறக்கினால் அதைவிட மிகக் குறைந்த சம்பளம். இளம் கோல்கீப்பர்கள் வாழ்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது தொகையில்தான்.

கேள்வி: இந்த ஆட்டம் இடுப்பைக் கெடுக்கும் என்கிறார்களே? (டொராண்டோ வாசகி)

பதில்: உண்மைதான். பட்டர்ஃப்ளையில் தொடை எலும்பு உள்பக்கம் திரும்பியபடி திரும்பத் திரும்ப இறங்குகிறது. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியின் விளிம்பில் இடிக்கும், நாள்பட்டால் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு கிழியும். ஆட்டம் முடிந்த மறுநாளும் கவட்டையில் வலி இருந்தாலோ, உட்கார்ந்து எழும்போது குத்தினாலோ 'நீட்டி மடக்கினால் சரியாகும்' என்று விடாதீர்கள். எலும்பு இடிக்கும் இடுப்பை வலுவாக இழுத்தால் கிழிசல் கூடும். விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கோடையில் மூன்று மாதமாவது பேட்டைக் கழற்றிவிட்டு, நீச்சலோ கால்பந்தோ வேறு ஏதாவது ஆடட்டும்.

கேள்வி: .910 என்றெல்லாம் போடுகிறார்களே, அது என்ன? (சென்னை வாசகர்)

பதில்: வலையை நோக்கி வந்த அடிகளில் தடுத்த பங்கு. 30 முறை அடித்து 27 முறை தடுத்தால் .900. இன்னொரு எண், 60 நிமிடத்துக்குச் சராசரியாக விட்ட கோல்: 120 நிமிடத்தில் 5 கோல் விட்டால் 2.50. இரண்டாவது எண்ணில் அணியின் தற்காப்பும் கலந்திருக்கிறது. ஆட்டத்துக்கு 20 முறை மட்டுமே எதிரணி அடிக்கும் அணியின் கோல்கீப்பருக்கு அது சும்மாவே அழகாகத் தெரியும். ஒருவரை எடைபோட முதல் எண்ணையே பாருங்கள், அதையும் பத்து ஆட்டத்தை வைத்துப் பார்க்காமல் இரண்டு மூன்று பருவங்களை வைத்துப் பாருங்கள்.